பதிவேட்டில் இல்லாத தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்பான கருக்கலைப்பு பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கருவிகளின் சுத்தம், பயிற்சி பெற்ற மருத்துவர், இரத்தம் ஏற்றும் வசதி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் முழுக் கட்டுரையும் அந்தப் பெண் கட்டிலில் வந்து படுத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு எத்தனை நாள் போனது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதம் நீண்டுவிடும் என்று இப்போதே தெரிகிறது. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பதிவேட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் 19 ஆண்டுகள் மகளிர் நோய்ப் பிரிவில். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வார்டில் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. அட்டையின் முனைகள் தேய்ந்து, முதுகில் துணி ஒட்டி, மேசையை விட்டு எங்கும் போகாத பதிவேடு. வரிசை எண், பெயர், வயது, எத்தனையாவது கர்ப்பம், எத்தனை வாரம், சேர்த்த தேதி, நேரம், செய்த சிகிச்சை, வீட்டுக்கு அனுப்பிய தேதி. கடைசிக் கட்டத்துக்கு மேலே 'முடிவு' என்று அச்சிட்டிருக்கும். அதில் பெரும்பாலும் 'நலம்' என்று எழுதுவோம். நானே எத்தனையோ ஆயிரம் முறை எழுதியிருப்பேன்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடம். 26 வயது, மூன்றாவது கர்ப்பம், பத்து வாரம், நச்சுத்தொற்றுடன் வந்தவர், கர்ப்பப்பை அகற்றப்பட்டது, 16ஆம் நாள் அனுப்பப்பட்டார், நலம்.

அந்த மாதத்து ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் வார்டைப் பாராட்டினார்கள். இரவு பதினொன்றரைக்கு வந்த பெண்ணை மூன்று மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்விட்டோம். இரத்தம் கிடைத்தது. ஆன்டிபயாடிக் உடனே போனது. உயிர் பிழைத்தது. எந்தத் தர அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாலும் நாங்கள் தேர்ச்சி. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்குத் தெரியும், அந்தப் பெண் எங்களிடம் வந்தது அன்றைக்கு முதல் முறை இல்லை என்று.

முதலில் வந்தது 24 நாட்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு வாரம். கைக்குழந்தையோடு வந்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். கடைசி மாதவிலக்கு வந்த தேதியை யோசிக்காமல் சொன்னாள். அன்றைக்குக் கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் விடுமுறை. "வெள்ளிக்கிழமை வாம்மா. வரும்போது வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா, கையெழுத்துப் போடணும்" என்றேன். சொன்னது நான்தான். வேறு யாரோ சொன்னதாக எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் உண்மை அது இல்லை.

வெள்ளிக்கிழமை தாயோடு வந்தாள். கணவர் வெளியூரில் வேலையில் இருந்தார். தாயின் கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் கணவரை எப்படியோ வரவழைத்துக் கூட்டி வந்தாள். ஸ்கேன் இல்லாமல் பார்க்க முடியாது என்றார்கள். ஸ்கேனுக்கு வரிசை, ஒன்பது நாள் கழித்துத் தேதி. அந்தத் தேதிக்கு அவள் வரவில்லை. நாங்களும் ஏன் வரவில்லை என்று யோசிக்கவில்லை. நான்காவது முறை வந்தது அந்த இரவுதான். காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. யாரோ எதையோ உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

பதிவேட்டில் இருந்தது நான்காவது வருகையின் தேதி மட்டும்.

இந்த இடத்தில் வாரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படித்தவர்கள்கூட இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கர்ப்பத்தின் வாரங்களை கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். அதனால் கரு உருவாவதற்கு முந்தைய இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அடுத்த மாதவிலக்கு வராமல் போகிற அன்றே கணக்குப்படி அவளுக்கு நான்கு வாரம் முடிந்துவிட்டது. எப்போதுமே முன்னே பின்னே ஆகும், பார்ப்போம் என்று ஒரு வாரம் இருந்தால் ஐந்து. சோதித்துப் பார்த்து, அழுது, யாரிடம் சொல்வது, எங்கே போவது என்று விசாரித்து முடிப்பதற்குள் ஆறோ ஏழோ ஆகிவிடும். பன்னிரண்டு வாரத்துக்குள் செய்யலாம் என்றால் மூன்று மாதம், தாராளமாக நேரம் இருக்கிறதே என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தோன்றும். அவள் எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது அதில் பாதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், வயதுக்கு வந்து சில காலமே ஆன சிறுமிகளுக்கும் இன்னும் மோசம். அவர்களுக்குச் சந்தேகமே தாமதமாகத்தான் வரும்.

வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். தொடக்க வாரங்களில் சரியான முறையில் செய்யப்படும் கருக்கலைப்பு மருத்துவத்தில் மிகப் பாதுகாப்பான சிகிச்சைகளில் ஒன்று, பிரசவத்தைவிடவும் ஆபத்துக் குறைந்தது. அதே பெண்ணை ஆறு வாரம் அலைய விட்டுச் செய்தால் இரத்தப்போக்கு அதிகம், வலி அதிகம், கூடுதல் பயிற்சி உள்ளவர் வேண்டும், சில நேரம் பெரிய மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அப்புறம் "இவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்" என்று நாங்களே சலித்துக்கொள்வோம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கருக்கலைப்புச் சிகிச்சை வழிகாட்டியை முழுதாகப் படித்தேன். 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று வெளியானது. மகள் கைபேசியில் இறக்கிக் கொடுத்தாள், எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பல நாள் படித்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம். நான் வேலையில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அதில் தடைகள் என்ற பெயரில் வருகின்றன. கணவரோ பெற்றோரோ வேறு யாருமோ அனுமதி தர வேண்டும் என்று கேட்கக் கூடாது. யோசித்துவிட்டு வா என்று கட்டாயக் காத்திருப்பு வைக்கக் கூடாது. ஸ்கேனை முன்நிபந்தனை ஆக்க வேண்டியதில்லை. கடைசி மாதவிலக்குத் தேதியும் தேவைப்பட்டால் உடல் பரிசோதனையும் பெரும்பாலானவர்களுக்குப் போதும், சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்கேன். அந்த 26 வயதுப் பெண் தேதியைச் சரியாகச் சொன்னாளே என்று அந்த வரியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

கணவர் கையெழுத்தைப் பற்றி இன்னொன்று. பல இடங்களில் அதைச் சட்டம் கேட்பதே இல்லை, வழக்கம்தான் கேட்கிறது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறைந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்பது தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கிறது. கணவர் என்ற ஆள் அந்தச் சம்மதப் பிரிவில் வரவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் படிவத்தில் அவருக்கு ஒரு கோடு போட்டு வைக்கிற இடங்கள் உண்டு. ஏன் என்று கேட்டால், பின்னால் பிரச்சினை வந்தால் மருத்துவமனைக்குப் பாதுகாப்பு என்பார்கள். கட்டிடத்துக்குப் பாதுகாப்பு சரி. அந்தப் பெண்ணுக்கு?

கருவிகளைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் சொன்னதோடு எனக்கு ஒரே ஓர் இடத்தில் கருத்து வேறுபாடு. 'டி அண்ட் சி' செய்ய வசதி வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். கூர்மையான கரண்டி போன்ற க்யூரெட்டால் கர்ப்பப்பையின் உட்சுவரைச் சுரண்டும் அந்த முறை காலாவதியானது, கைவிடப்பட வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனம் 2012 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. 2022இல் இன்னும் அழுத்தமாக வேண்டாம் என்கிறது. உறிஞ்சி எடுத்த பிறகு சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகக்கூட க்யூரெட்டை உள்ளே விடக் கூடாது. அதற்குப் பதில் வெற்றிட உறிஞ்சல். கையால் இயக்கும் வகைக்கு மின்சாரமே வேண்டாம். 60 மில்லி பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று, வளையும் குழாய் ஒன்று, அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி மாத்திரையும் கொடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முழு மயக்கம் வழக்கமாகத் தேவையில்லை. முழு மயக்கம் இல்லையென்றால் மயக்க மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அறுவை அரங்கு காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேயும் நாள் கணக்குதான், பாருங்கள்.

எங்கள் வார்டு அலமாரியில் அந்த உறிஞ்சு கருவி ஒன்று நெடுங்காலம் பிரிக்காத உறையோடு கிடந்தது. பெரிய மருத்துவருக்குக் க்யூரெட்தான் கை பழகியது. அவர் திறமையானவர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. புதிதாக வந்த ஓர் இளம் மருத்துவர் ஒருநாள் உறையைப் பிரித்து, மேசை மேல் வைத்து எங்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தார். ஒரு பாத்திரத்துத் தண்ணீரை உறிஞ்சிக் காட்டினார். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த அரை மணி நேரத்துக்கு வார்டு எத்தனை ஆண்டு காத்திருந்தது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

இதெல்லாம் எங்கோ சிலருக்கு நடக்கும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எண் சொல்கிறேன். உலகில் ஓராண்டில் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவற்றில் சுமார் 45 சதவீதம் பாதுகாப்பற்றவை. இத்தனைக்கும் மருத்துவத்துக்குத் தெரியாத நோய் எதுவும் இதில் இல்லை. மருந்து உண்டு, கருவி உண்டு, எப்படிச் செய்வது என்றும் தெரியும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருவைக் கலைக்கும் மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின. அப்போது நெருக்கமான மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்ற குறிப்போடு கூடுதல் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2019இல் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு முதன்மைப் பட்டியலுக்கு மாற்றினார்கள். இடையில் சேர்ந்த அனுபவம்தான் காரணம். 2020 மார்ச் இறுதியில், பெருந்தொற்று முடக்கத்தின்போது இங்கிலாந்தில் தொலைபேசியில் பேசி, தேவையில்லாதவர்களுக்கு ஸ்கேனைத் தவிர்த்து, மாத்திரையை வீட்டுக்கே அனுப்ப அனுமதித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். கடுமையான சிக்கல்கள் கூடவில்லை. காத்திருப்பு சராசரியாக நான்கு நாளுக்கு மேல் குறைந்திருந்தது. நான்கு நாளா, இதிலென்ன என்று சிலர் கேட்கலாம். என் பதிவேட்டு வரியில் இருக்கும் பெண்ணிடம் கேட்டால் சொல்வாள்.

அதற்காக மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு இரத்தம் போவது இயல்பு, எவ்வளவு போனால் ஓடி வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்தால் உடனே வர வேண்டும். ஒரு நாளைக்கு மேல் நிற்கும் காய்ச்சல், துர்நாற்றம், மாத்திரைக்கும் அடங்காத வலி, இதற்கும் அப்படித்தான். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதைக் கலைக்காது. ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தலைச்சுற்றல் இருந்தால் அங்கே ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அடுத்த கருமுட்டை இரண்டு வாரத்துக்குள்ளேயே வெளியாகலாம் என்பதால் கருத்தடை வேண்டுமா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். கேட்கத்தான் வேண்டும், அதையே நிபந்தனையாக்கி மிரட்டக் கூடாது. இவ்வளவையும் நிதானமாகச் சொல்லப் பத்து நிமிடம் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை போதும். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு நாடு நாடாகக் கதை இருக்கிறது. ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடை செய்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை நீங்கியது. தாய்மார் இறப்பு விகிதம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ பாதியாக இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் 1996இல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் முதல் 12 வாரத்தில் செய்யலாம் என்றார்கள். சில ஆண்டுகளில் கருக்கலைப்புச் சார்ந்த இறப்புகள் சுமார் 90 சதவீதம் குறைந்தன. ஆனால் அங்கேயும் பெயர்ப் பலகையில் இருக்கும் மையங்கள் பல சேவை தருவதில்லை, பெண்கள் இன்னும் அலைகிறார்கள். நேபாளம் 2002இல்தான் சட்டத்தை மாற்றியது. அதற்கு முன் கருக்கலைத்ததற்காகப் பெண்களைச் சிறையில் வைத்திருந்த நாடு, பிறகு கிராமத்து துணைச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மாத்திரை தர வைத்தது. அதைப் படித்தபோது, செவிலியராக, எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 31 வயது, பல் மருத்துவர், 17 வாரக் கர்ப்பம். 2012 அக்டோபர் 21 அன்று மருத்துவமனையில் சேர்ந்தார். கரு தங்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். இதயத் துடிப்பு இருக்கும்வரை அந்த நாட்டுச் சட்டம் விடாது என்றார்கள். நச்சுத்தொற்று பரவி அக்டோபர் 28 அன்று இறந்தார். ஒரு வாரம். பக்கத்தில் மருத்துவர்கள், மருந்து, படுக்கை எல்லாம் இருந்தன. 2018 மே 25 அன்று மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். மாற்றிய பிறகு எழுதிய சட்டத்திலும் மூன்று நாள் கட்டாயக் காத்திருப்பை வைத்தார்கள். அது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

பெண்ணுக்கு யோசிக்க நேரம் வேண்டாமா என்று உங்கள் வாசகர்களில் சிலர் கேட்பார்கள். வேண்டும். அவள் கேட்டால் ஒரு வாரம்கூடக் கொடுங்கள், மனம் மாறினால் பேறுகாலப் பிரிவுக்கு அன்போடு அனுப்புங்கள். ஆனால் அவள் எடுத்துக்கொள்ளும் நாள் வேறு, நாம் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நாள் வேறு. எங்கள் வாசலுக்கு வந்தவர்களில் முடிவெடுக்காமல் வந்தவர்கள் எனக்குத் தெரிந்து மிகவும் குறைவு. முடிவெடுத்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்காரவே வருவார்கள்.

மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர் கருக்கலைப்பில் கை வைக்க மாட்டார். வேலையில் சேர்ந்த முதல் நாளே மேலிடத்தில் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு பெண் வந்து கேட்டால் அந்த நிமிடமே எழுந்து போய் எங்களில் யாரையாவது கூட்டி வருவார். ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். இரத்தப்போக்கோடு யாராவது வந்துவிட்டால் முதலில் ஓடுவது அவர்தான். இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். மறுக்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். அடுத்த வாரம் வா, அதற்கடுத்த வாரம் வா என்று வாரம் கடத்துவார்கள். கடைசியில் 'காலம் கடந்துவிட்டதே' என்று உச்சுக்கொட்டுவார்கள். மனசாட்சி என்ற சொல்லை இவர்களுக்கு இரவல் தர எனக்கு மனம் இல்லை.

வார்த்தைகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும். "செய்யும்போது தெரியலையா?" என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். வலி மாத்திரையை வேண்டுமென்றே தாமதமாகக் கொடுத்து, "வலி தெரிஞ்சாத்தான் மறுபடி வரமாட்டா" என்று சொன்னவர்கள் உண்டு. திருமணமாகாத பெண் என்றால் பெயரை வராந்தா முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுவது உண்டு. இதையெல்லாம் ஒழுங்கீனம், அதற்குத் தர நிர்ணயம் எதற்கு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் ஒருமுறை அப்படித் திட்டு வாங்கிய பெண் இரண்டாவது முறை எங்களிடம் வருவதில்லை. கதவை மூடிக்கொண்டு, கேள்வி கேட்காமல் செய்துவிடுகிறவர்களிடம் போகிறாள். மறுபடி எங்களிடம் வருவது காய்ச்சலோடுதான். வலி நிவாரணி எல்லோருக்கும் வழக்கமாகத் தரப்பட வேண்டும் என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது, கேட்டால் தரலாம் என்று இல்லை.

சரி, பதிவேட்டுக்கு வருகிறேன். கருக்கலைப்புச் சேவையின் தரத்தை அளக்க ஆயிரம் கேள்விகள் அடங்கிய படிவங்கள் இருக்கின்றன. அவை இருக்கட்டும். நான் கேட்பது ஒரே ஒரு கட்டம். சேர்த்த தேதிக்கு முன்னால், 'முதலில் கேட்ட தேதி'. அந்தப் பெண் எந்த நாள் எந்த வாசலில் முதன்முறையாக வாய் திறந்து கேட்டாளோ அந்த நாள். கிராமத்து துணை மையத்தில் கேட்டாலும் சரி, தொலைபேசியில் கேட்டாலும் சரி, வெளிநோயாளிச் சீட்டு எழுதுபவரிடம் கேட்டாலும் சரி. இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதை மாத ஆய்வில் முதல் எண்ணாகப் படிக்க வேண்டும். நாள் கூடியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கையெழுத்தா, ஸ்கேனா, மருத்துவர் விடுமுறையா, மாத்திரை கையிருப்பு இல்லையா?

முதல் தேதி இருந்து இரண்டாவது தேதி காலியாக இருக்கும் வரிகள்தான் முக்கியம். அவள் மனம் மாறிக் குழந்தையைப் பெற முடிவு செய்திருக்கலாம், வேறு நல்ல இடத்துக்குப் போயிருக்கலாம். அல்லது என் 26 வயதுப் பெண் மாதிரி எங்கோ போயிருக்கலாம். அவள் அடையாளம் வெளியே தெரியாமல், வீட்டுக்குக் கடிதமோ ஆளோ அனுப்பாமல், அவளே கொடுத்த எண்ணில் அவளிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும். எண் கொடுக்க விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். அந்தக் காலி கட்டமே போதும், நம்மைக் கேள்வி கேட்க.

வேலையில் இருந்த கடைசி ஆண்டில் நான் இதைச் செய்து பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடிக்கோலை வைத்து, பதிவேட்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். வெளிநோயாளிப் பிரிவில் இருந்த பெண்ணிடம் சொல்லி வைத்து, முதல் தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரு வார்டின் சில மாதக் கணக்கு அது, எண்களாகச் சொல்லி நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் மூன்றாவது மாதத்திலேயே கணவர் கையெழுத்துக் கோட்டைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஓரத்தில் 14, 19, 22 என்று நாட்கள் வரிசையாக நின்றதைப் பெரிய மருத்துவர் ஒருநாள் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது அந்தக் கோடு வேண்டாம் என்றார். தணிக்கைக்கு வந்தவர் மட்டும், அச்சிடாத கட்டத்தைப் பதிவேட்டில் யார் போட்டது என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன்.

போன மாதம் இப்போது அந்த வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் அழைத்தார். புதுப் பதிவேடு வந்திருக்கிறதாம், நல்ல தடித்த தாளாம், பழைய கட்டங்கள்தானாம். "ஓரத்துல அந்தக் கோட்டைப் போடவா வேணாமாக்கா?" என்று கேட்டார். போடு, இந்த முறை இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக விடு, காரணம் எழுத வேண்டியிருக்கும் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
(என் பெயரை வெளியிட வேண்டாம். வார்டில் இருந்தவர்களுக்கு எந்தப் பெண் என்று தெரிந்துவிடக் கூடாது.)